தீவு மூழ்கியது கடல் உயர்ந்ததாலா, கல் எடுத்ததாலா?

கேள்வி (6 ஏப்ரல் 2025)

தூத்துக்குடிப் பக்கம் இரண்டு தீவு கடலுக்குள் போய்விட்டது என்று படித்தேன். புவி சூடாகிறது, கடல் மட்டம் ஏறுகிறது, தீவு மூழ்குகிறது. இதில் உள்ளூர்க்காரன் என்ன செய்ய முடியும்? ஆனால் சிலர் பவளப்பாறையை வெட்டியதால்தான் போனது என்கிறார்கள். பாறை என்பது கல்தானே? கடலுக்கு அடியில் கிடக்கும் கல்லை எடுத்தால் மேலே இருக்கும் தீவு எப்படிப் போகும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

6 ஏப்ரல், இரவு

இடத்தை முதலில் சரிசெய்துகொள்வோம். போன இரண்டில் விலாங்குச்சல்லி மட்டும்தான் தூத்துக்குடிக் கூட்டம். பூவரசன்பட்டி கீழக்கரைக் கூட்டத்தைச் சேர்ந்தது. தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையே 21 தீவு என்று பாடப்புத்தகத்தில் இருப்பது 1986இல் மன்னார் வளைகுடாவைக் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்த காலத்துக் கணக்கு. இன்று தலையை வெளியே காட்டுவது 19.

கடல் ஏறுவது உண்மை. ஆனால் வருடத்துக்குச் சில மில்லிமீட்டர். அதே கடலில் பக்கத்துத் தீவுகள் நிற்கும்போது இவை மட்டும் ஏன் போயின? சுற்றியிருந்த பவளப்பாரை (பார் என்றால் கடலடிப் பாறைத்திட்டு) உடைத்து எடுத்தோம். அலை நேரே மணல்மேல் வந்து விழுந்தது. அவ்வளவுதான்.

7 ஏப்ரல்

'உடைத்து எடுத்தோம்' என்று எழுதியதில் அந்த 'ஓம்' எதற்கு என்று ஒருவர் கேட்டிருக்கிறார். காரணத்தோடுதான் எழுதினேன். எங்கள் பெரியப்பா சுண்ணாம்புக் காளவாசல் (சூளை) வைத்திருந்தார்.

வத்தத்தில், அதாவது கடல் வற்றும் நேரத்தில், தண்ணீர் இடுப்பளவு இருக்கும்போது ஆட்கள் இறங்கி, கடப்பாரையால் நெம்பி, வள்ளத்தில் ஏற்றிக் கொண்டுவருவார்கள். கிளைகிளையாக உடைந்தது சல்லி. உருண்டையாக, பெரிய பூசணி அளவிலும் அதற்கு மேலும் வருவது கல். சல்லிக்கு ஒரு விலை, கல்லுக்கு ஒரு விலை. வீடு கட்டச் சுண்ணாம்பு, வெள்ளையடிக்கச் சுண்ணாம்பு, கார்பைடு ஆலைக்கு மூலப்பொருள், சில இடங்களில் சாலைக்கு அடியில் போடவும்கூட. 1970களின் தொடக்கத்தில் இந்த வளைகுடாவிலிருந்து வருடத்துக்குச் சுமார் 25,000 டன் எடுக்கப்படுவதாக மதிப்பிட்டிருந்தார்கள். ஊரில் யாருக்கும் அது குற்றமாகத் தெரியவில்லை. ஆற்றில் மணல் அள்ளுவதை இப்போது நாம் எப்படிப் பார்க்கிறோமோ அப்படிக்கூட அன்று பார்க்கவில்லை. பிழைப்பு, அவ்வளவே.

ஒரு விஷயம் மட்டும் எனக்கு மறக்காது. புதிதாக வந்த கல் ஒரே நாளில் நாற ஆரம்பித்துவிடும். செத்த மீன் நாற்றம். மேலே வழவழவென்று சளி மாதிரி வடியும், ஈ மொய்க்கும். வெயிலில் கிடந்து காய்ந்து, மழையில் கழுவி, வெளுத்த பிறகுதான் காளவாசலுக்குள் போகும். கல் ஏன் நாறுகிறது என்று பெரியப்பாவிடம் கேட்டிருக்கிறேன். 'கடல் கல்லுல்ல, அப்படித்தான்' என்பார்.

7 ஏப்ரல், கொஞ்சம் கழித்து

'கல்தானே' என்று கேட்டதற்கு அந்த நாற்றத்தைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை. நாறியது கல்லின் மேல்தோலாக ஒட்டியிருந்த உயிர்கள்.

9 ஏப்ரல்

சரி, உருவாகும் கதை. இரண்டு பேர் கேட்டிருப்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

பவளம் ஒரு விலங்கு. சொறி மீன், கடல் சாமந்தி இவற்றின் உறவு. ஒவ்வொன்றும் ஒரு சின்னப் பை. மேலே ஒரு வாய், வாயைச் சுற்றி உணர்கொம்புகள். இதற்குப் பாலிப் என்று பெயர். பல இனங்களில் சில மில்லிமீட்டர்தான் அகலம். கடல்நீரில் கரைந்திருக்கும் கால்சியத்தையும் கார்பனேட்டையும் எடுத்துத் தன் காலடியில் சுண்ணாம்புக் கிண்ணம் ஒன்றைக் கட்டிக்கொள்ளும். அப்புறம் அதன்மேல் ஏறி உட்கார்ந்து அடுத்த தட்டைக் கட்டும். பக்கவாட்டில் மொட்டுவிட்டு இரண்டாகும், நான்காகும். நாம் கையில் எடுக்கும் 'கல்' முழுக்க இப்படிக் கட்டிவிட்டு மேலே ஏறிப்போன காலி வீடுகள். உயிர் இருப்பது மேற்பரப்பில், மெல்லிய ஒரு படலமாக மட்டும்.

இவ்வளவு சுண்ணாம்பு கட்டத் தெம்பு வேண்டும். பவளம் வளரும் வெதுவெதுப்பான மேல்மட்ட நீரில் பொதுவாக மிதக்கும் உணவு அதிகம் கிடையாது. அதனால் பாலிப் தன் தோலுக்குள் சூசாந்தெல்லா என்ற நுண்பாசியை வளர்க்கிறது. பாசி வெயிலில் சர்க்கரை தயாரித்துக் கொடுக்கும். பாலிப் அதற்கு இடமும் உரமும் கொடுக்கும். பவளத்துக்கு வேண்டிய சக்தியில் 90 சதவீதம் வரை இந்தப் பாசியிடமிருந்தே வரலாம். பவளத்தின் பழுப்பு, பச்சை நிறங்களில் பெரும்பங்கு பாசியுடையது. வெயில் எட்டாத கலங்கல் தண்ணீரில் பாரை வளர்க்கும் பவளம் ஏன் செழிப்பதில்லை என்பதும் இதிலேயே தெரிந்துவிடும்.

வேகம்? உருண்டைப் பவளம் வருடத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர், அதற்கும் குறைவாகவே பல. மான்கொம்பு மாதிரி கிளைக்கிற அக்ரோபோரா வகை பத்து சென்டிமீட்டரும் போகும். பெரியப்பா வள்ளத்தில் வந்த பெரிய உருண்டைகள் பல பத்து வருட வயதுடையவையாக இருந்திருக்கும். அதை எரிக்க ஒரு ராத்திரி போதும்.

9 ஏப்ரல், பின்குறிப்பு

டார்வின் கதையைச் சேருங்கள் என்கிறார் ஒருவர். சேர்க்கலாம், ஆனால் அது இந்த ஊர்க் கதை இல்லை. எரிமலைத் தீவைச் சுற்றி முதலில் கரையை ஒட்டிப் பவளம் வளரும். தீவு மெல்ல அமிழ அமிழப் பவளம் மேலே கட்டிக்கொண்டே போகும். கடைசியில் தீவு காணாமல் போய், வளையம் மட்டும் நிற்கும். 1842இல் அவர் எழுதியது இது. 1952இல் பசிபிக்கின் எனிவெட்டாக் பவளத்தீவில் துளையிட்டுப் பார்த்தபோது ஆயிரம் மீட்டருக்கும் மேற்பட்ட சுண்ணாம்புக்கு அடியில் எரிமலைப் பாறை கிடைத்தது. ஆள் சொன்னது சரி.

நம் பக்கம் அப்படி வளையம் பார்க்க லட்சத்தீவுக்குப் போக வேண்டும். மன்னார் வளைகுடாவில் இருப்பவை தீவை ஒட்டிய விளிம்புப் பார்களும் திட்டுத் திட்டான பார்களும். பனியுகத்தின் உச்சத்தில் கடல் இன்றைக்கு இருப்பதைவிடச் சுமார் 120 மீட்டர் கீழே இருந்தது. இந்த இடமெல்லாம் அப்போது தரை. கடல் மீண்டும் ஏறிய பிறகு, கடந்த சில ஆயிரம் வருடங்களில் கட்டப்பட்டவைதான் இப்போதைய பார்கள்.

10 ஏப்ரல்

தீவுக்கும் பாருக்கும் உள்ள சம்பந்தத்தை நேரடியாகச் சொல்லவில்லை என்று மூலக் கேள்விக்காரர் குறைப்படுகிறார். நியாயம்.

இந்தத் தீவுகள் பவளத்தின் உடைசலும் மணலும் சேர்ந்து குவிந்த மேடுகள். அடியில் நங்கூரம் மாதிரி கருங்கல் எதுவும் கிடையாது. புயல் பவளத்தை உடைக்கும், அலை அரைக்கும், நீரோட்டம் ஒதுக்கும், மேடு விழும். பார் இரண்டு வேலை செய்கிறது: வெளிப்புறம் அலையை உடைக்கிறது, உட்புறம் மணல் சப்ளை பண்ணுகிறது. பாரை எடுத்தால் இரண்டும் ஒரே நேரத்தில் நிற்கும். வரவும் போச்சு, காவலும் போச்சு. பிறகு ஒவ்வொரு கச்சான் (தென்மேற்குக் காற்று) காலமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும்.

அரைப்பதில் கிளிமீனுக்கும் பங்கு உண்டு. கிளி மூக்கு மாதிரி பற்கள் ஒட்டிய வாயால் செத்த பவளத்தின்மேல் இருக்கும் பாசியைச் சுரண்டித் தின்னும். சுண்ணாம்பும் சேர்ந்து உள்ளே போகும். பின்பக்கமாக வெள்ளை மணலாக வெளியே வரும். நீங்கள் மாலத்தீவில் தேனிலவுக்குக் காலை நீட்டிப் படுத்திருந்த மணலில் கணிசமான பகுதி அதுதான். மன்னிக்கவும், கேட்டதால் சொன்னேன்.

13 ஏப்ரல்

உயிரினங்கள் பற்றிக் கேட்டவருக்கு.

முகமூடி போட்டுத் தலையைத் தண்ணீருக்குள் விட்டதும் முதலில் கண்ணுக்கு எதுவும் சரியாகப் படாது, காதுக்குத்தான். எண்ணெய்ச் சட்டியில் கடுகு பொரிகிற மாதிரி இடைவிடாத சடசடப்பு. துப்பாக்கி இறால் என்ற விரல் நீளம்கூட இல்லாத பிராணிகள் ஆயிரக்கணக்கில் கொடுக்கைச் சொடுக்கும் சத்தம் அது. நல்ல பார் சத்தமாக இருக்கும். செத்த பாரில் அமைதி. கண்ணை மூடிக்கொண்டே வித்தியாசம் சொல்லலாம்.

அப்புறம் கண் பழகும். உருண்டைப் பவளத்தின் மேல் இரண்டிரண்டாக வெள்ளைக் கீறல்கள்: கிளிமீன் கடித்த தடம். இடுக்கில் மீசை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு சிங்கி இறால். பாறைக்கு அடியில் அசையாமல் நிற்கும் கலவா, நாம் நெருங்கினால் பின்னோக்கியே நழுவும். ஓரா கூட்டம் பாசி மேய்ந்துகொண்டே ஒரே திசையில் திரும்பும். விளமீன் மணல் ஓரத்தில் கிண்டும். கடல் அட்டை மணலை ஒரு முனையில் தின்று மறுமுனையில் சுத்தமாகத் தள்ளிக்கொண்டு போகும். பாரை ஒட்டிக் கடற்புல் வெளி இருந்தால் அது ஆவுளியாவின் (கடற்பசு) மேய்ச்சல் நிலம். ஆவுளியாவை நான் உயிரோடு பார்த்ததில்லை.

உலகக் கடல் தரையில் பவளப்பார்கள் ஒரு சதவீதத்துக்கும் கீழே. கடல் இனங்களில் ஏறத்தாழ கால்வாசி தன் வாழ்நாளில் எப்போதாவது அதை நம்பியிருக்கின்றன. மீன் எங்கேயும் இருக்கும் என்பவர்கள், குஞ்சு எங்கே ஒளிந்து வளர்கிறது என்றும் கேட்க வேண்டும். மன்னார் வளைகுடாவில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்ட வகைக் கல் பவளங்கள் பதிவாகியிருக்கின்றன. பாம்பனுக்குப் பக்கத்துக் குருசடைத் தீவின் கரையோர உயிரினங்களைப் பற்றிச் சென்னை அருங்காட்சியகம் 1927இலேயே தனி வெளியீடு கொண்டுவந்தது. அந்தத் தீவைச் சுற்றி வர அரை நாள்கூட ஆகாது.

14 ஏப்ரல்

புத்தாண்டு வாழ்த்துகளை எல்லாம் தனி இழையில் போடுங்கள் சாமி. இங்கே பவளம்.

15 ஏப்ரல்

நெடுந்தீவிலிருந்து ஒரு நண்பர் தங்கள் ஊர் வேலியெல்லாம் முருகைக்கல் (பவளக்கல்) என்று எழுதியிருக்கிறார். ஆம், சாந்து பூசாமல் கல்மேல் கல்லாக அடுக்கிய மதில்கள், படத்தில் பார்த்திருக்கிறேன், அழகு. தனுஷ்கோடியில் 1964 புயலுக்குப் பின் எஞ்சிய தேவாலயச் சுவரும் பவளக்கல்தான். காரை உதிர்ந்த இடத்தில் கண்ணைக் கிட்டே வைத்துப் பாருங்கள்: கடுகளவு குழிகள் வரிசையாக, ஒவ்வொரு குழிக்குள்ளும் நடுவை நோக்கி மெல்லிய தடுப்புகள். ஒரு குழி, ஒரு பாலிப்பின் இருக்கை.

எனவே கல் எடுத்தவர்கள் எல்லாம் கொடியவர்கள் என்று ஆரம்பிக்க வேண்டாம். சுற்றிலும் வேறு கல்லே இல்லாத ஊரில் கிடைத்ததை வைத்துக் கட்டினார்கள். ஊருக்கு நாலு வீடு கட்டுவது வேறு, ஆலைக்கு டன் கணக்கில் லாரி ஏற்றுவது வேறு.

ராமேஸ்வரத்தில் தொட்டியில் மிதக்கவிட்டிருக்கும் கல் பற்றியும் கேள்வி. பவளக்கல்லுக்குள் காற்று அடைபட்ட துளைகள் போதுமான அளவு இருந்தால் துண்டு மிதக்கும். இதற்கு மேல் அந்த விஷயத்தை இந்த இழையில் நான் இழுக்கப் போவதில்லை. சேதுசமுத்திரத்தையும் இழுக்க மாட்டேன். இழுத்தால் 2007க்குப் போய் அங்கேயே மாட்டிக்கொள்வோம்.

22 ஏப்ரல்

சுனாமியில் பவளப்பார்தான் தூத்துக்குடியையும் ராமநாதபுரத்தையும் காப்பாற்றியது என்று மேலே ஒருவர் அடித்துச் சொல்லியிருக்கிறார். இதை ஏற்க முடியவில்லை. 2004இல் இந்தக் கரைக்கு முன்னால் இலங்கை முழுசாகக் குறுக்கே நின்றது. பெரிய அடியை வாங்கியது அது. பாருக்கு இருக்கும் பெருமை போதும், இல்லாததையும் சேர்த்தால் நாளைக்கு எவனாவது அதை உடைத்துக் காட்டிவிட்டு மற்றதையும் பொய் என்பான்.

பார் அலையைத் தடுக்கும் என்பதற்கு உதாரணம் வேண்டுமானால் இலங்கையின் தென்மேற்குக் கரைக்குப் போங்கள். ஹிக்கடுவையில் சுற்றுலாவுக்காகப் பாரைக் காத்து வைத்திருந்தார்கள். சில கிலோமீட்டர் தள்ளிப் பெரலியவில் சட்டவிரோதமாகப் பவளம் வெட்டப்பட்டிருந்தது. சுனாமிக்குப் பின் ஆய்வு செய்தவர்கள் 2005இல் எழுதியது: ஹிக்கடுவையில் அலை 2 முதல் 3 மீட்டர், உள்ளே வந்தது சுமார் 50 மீட்டர், பெரலியவில் அலை 10 மீட்டர், உள்ளே 1.5 கிலோமீட்டர். ஆயிரத்துக்கும் மேற்பட்டோரோடு ரயில் அடித்துச் செல்லப்பட்டது அந்தப் பெரலியவில்தான். கடலடியின் சரிவும் கரையின் வளைவும் இடத்துக்கு இடம் மாறும், எல்லாப் பழியையும் வெட்டியவர்கள் தலையில் வைக்க முடியாது. ஆனாலும் அந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும்.

சுனாமி வேண்டாம், தினசரி அலையை எடுத்துக்கொள்ளுங்கள். உலகம் முழுக்கப் பல இடத்து அளவீடுகளைச் சேர்த்துப் பார்த்த 2014 ஆய்வில், பவளப்பார் அலையின் சக்தியைச் சராசரியாக 97 சதவீதம் குறைப்பதாக வந்தது.

23 ஏப்ரல்

இன்னொரு பக்கமும் இருக்கிறது. கல் பவளங்கள் 2001இலேயே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணைக்குள் வந்துவிட்டன. அதாவது புலிக்கு என்ன சட்டமோ அதே சட்டம். அப்படியும் வெட்டுவது உடனே நிற்கவில்லை. சுனாமிக்குப் பிறகு, 2005 வாக்கில்தான் நின்றது. கெடுபிடி கூடியது ஒரு காரணம். கடலைப் பற்றிய பயம் ஊருக்குள் வந்தது இன்னொன்று. ஆக, இந்தக் கரையைச் சுனாமியிலிருந்து பார் காப்பாற்றியதா என்பது சந்தேகம். பாரைச் சுனாமி காப்பாற்றியது ஓரளவு நிஜம்.

4 மே

எண்கள் கேட்டவருக்கு. மன்னார் வளைகுடாவில் உயிருள்ள பவளம் மூடியிருக்கும் பரப்பு, தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிலையத்தின் கணக்குகளிலிருந்து, தோராயமாக: 2005இல் 37 சதவீதம். 2009இல் 43. வெட்டுவதை நிறுத்திய நாலே வருடத்தில் ஏறியிருக்கிறது பாருங்கள். 2010இல் 33. 2016க்கு முன் 39, பின் 23.

2010, 2016 இரண்டும் வெளுப்பு வருடங்கள். கோடையில் தண்ணீர் 30, 31 டிகிரியைத் தாண்டி வாரக்கணக்கில் நின்றால் உள்ளே இருக்கும் பாசி நஞ்சைக் கக்க ஆரம்பிக்கும். பாலிப் அதை வெளியே துப்பிவிடும். நிறம் போய், கண்ணாடி மாதிரி ஆன தோல் வழியே வெள்ளை எலும்பு தெரியும். இதுதான் வெளுப்பு. அந்த நிமிடத்தில் பவளம் செத்துவிடவில்லை, பட்டினி கிடக்கிறது. சூடு சீக்கிரம் இறங்கினால் பாசி திரும்பும். இறங்காவிட்டால் மேலே பச்சைப் பாசி படரும், அத்தோடு முடிந்தது. கிளைப் பவளங்கள் முதலில் போகும். உருண்டைகள் தாக்குப்பிடிக்கும்.

2024 ஏப்ரலில், உலகளவில் நான்காவது பெரும் வெளுப்பு நடப்பதாக அமெரிக்கக் கடல் ஆய்வு அமைப்பு அறிவித்தது. நம் கடலும் தப்பவில்லை. போன வருடம் நான் பார்த்த ஒரு திட்டில் சில கொம்புகள் வெளுப்பதற்கு முன் ஊதாவாக ஒளிர்ந்துகொண்டிருந்தன. கூட வந்த பையன் 'செம கலர்ணே' என்று படம் எடுத்துக்கொண்டான். நான் ஒன்றும் சொல்லவில்லை.

5 மே

'அப்படியானால் முதலில் நான் சொன்னதுதான் சரி, புவி வெப்பம்தான் காரணம்' என்கிறார் மூலக் கேள்விக்காரர். அவர் விடமாட்டார் போலிருக்கிறது.

இல்லை. தீவு போனது கல் எடுத்ததால். இப்போது பவளம் சாவது பெரும்பாலும் சூட்டால். இரண்டும் வேறு வேறு குற்றம். ஆனால் நேற்று எழுதியதை யோசித்துக்கொண்டே இருந்தேன். வெட்டு வாங்கிய பார் சூட்டையும் சேர்த்துத் தாங்க வேண்டியிருக்கிறது. உடம்பு தேறிய நேரத்தில் 2010 வந்தது, திரும்பத் தேறிய நேரத்தில் 2016. இடைவெளிதான் பிரச்சினை. தூத்துக்குடியிலிருந்து சூட்டை நிறுத்த முடியாது. சாக்கடை, கலங்கல், கீழே இழுக்கும் வலை, கண்ட கண்ட பாசி இவற்றை நிறுத்த முடியும். இரண்டு வெளுப்புக்கு நடுவே பவளம் எவ்வளவு தேறும் என்பதை அதுதான் முடிவு செய்யும்.

18 மே

கண்ட கண்ட பாசி என்றால் எது என்று கேட்டிருக்கிறார்கள்.

கப்பாபைகஸ். வெளிநாட்டிலிருந்து வந்தது, கராகீனன் என்ற கெட்டிப்படுத்தும் பொருள் எடுக்கப் பாக் கடல் பக்கம் மூங்கில் மிதவைகளில் கட்டி வளர்க்கிறார்கள். வேகமாக வளரும், நல்ல காசு. ஆனால் அது குருசடைத் தீவுப் பவளத்தின்மேல் படர்ந்து பாய் மாதிரி மூடியது 2008இல் பதிவானது. மூடினால் வெயில் போச்சு, பவளத்துக்குள் இருக்கும் நுண்பாசிக்கும் பாலிப்புக்கும் சோறு போச்சு. கையால் பிய்த்து எடுத்தாலும் ஒரு துண்டு ஒட்டியிருந்தால் மறுபடி வரும்.

இதில் என் மனசு இரண்டு பக்கமும் போகிறது. மிதவை கட்டும் பெண்களில் பலருக்கு அது முதல் நிலையான வருமானம். அதற்கு முன்னால் கையில் துணி சுற்றிக்கொண்டு பாறையில் மரிக்கொழுந்துப் பாசி சுரண்டியவர்கள், தீவுப் பக்கம் போனால் வனத்துறை விரட்டும் என்று பயந்தவர்கள். வளர்க்கச் சொன்னதும் மேலே இருந்துதான், இப்போது வளர்க்காதே என்பதும் மேலே இருந்துதான் என்றால் யாருக்கும் எரிச்சல் வரும். தென்கடல் (மன்னார் வளைகுடா) பக்கம் அனுமதிக்கவே கூடாது, வடகடலிலும் (பாக் கடல்) பவளம் உள்ள இடங்களை விட்டுத் தள்ளி என்பது என் கருத்து.

அப்புறம் பூங்கோரை. 2019 செப்டம்பர் வாக்கில் மண்டபம், பாம்பன் பக்கம் கடல் பச்சைப் பெயின்ட் கொட்டியது போல் மாறி மீன் செத்து ஒதுங்கியது நினைவிருக்கும். நொக்டிலூகா என்ற நுண்ணுயிர் பெருகிய வேலை. மீன் செத்ததைத்தான் எல்லோரும் பேசினார்கள். அந்தப் பெருக்கம் தண்ணீரில் ஆக்சிஜனைக் குடித்ததில் அங்கிருந்த தீவுகளைச் சுற்றிப் பவளமும் செத்தது. மீன் நீந்தி ஓடப் பார்க்கலாம், பவளம் எங்கே ஓடும்?

2 ஜூன்

வான் தீவு பற்றி. தூத்துக்குடித் துறைமுகத்துக்கு மிக அருகில் இருப்பது, அதனால் கல் எடுப்பதற்கும் வசதியாக இருந்தது. ஒரு காலத்தில் 15 ஹெக்டேருக்கு மேல். 2015 வாக்கில் சுமார் 2 ஹெக்டேர். இரண்டாகவும் பிளந்தது. அடுத்த மழைக்கு இருக்குமா என்ற நிலை. அப்போது கடற்பக்கம் வரிசையாகச் செயற்கைப் பார்களை இறக்கினார்கள்: கீழே அகலம், மேலே குறுகல், பக்கமெல்லாம் துளை வைத்த கான்கிரீட் கூண்டுகள், ஆயிரக்கணக்கில். அலை உடைந்தது, பின்னால் மணல் சேர ஆரம்பித்தது, தீவு நின்றது. கூண்டின்மேல் பவளக் குஞ்சுகளும் ஒட்டின. உள்ளே கலவா குடியேறிவிட்டது. அதற்கு வாடகை தெரியாது.

பாரைப் பெயர்த்த இடத்தில் கான்கிரீட்டால் பார் கட்டுகிறோம். ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு வருடம் என்று சும்மா நடந்த வேலைக்கு இப்போது டெண்டர், கிரேன், கப்பல். இதைக் குறையாகச் சொல்லவில்லை. அடுத்து காரைச்சல்லித் தீவுக்கும் இதே மருந்து என்கிறார்கள். செய்யட்டும், சீக்கிரம் செய்யட்டும்.

பவளத் துண்டுகளைக் கட்டி நடும் வேலையும் இங்கே 2002 முதல் நடக்கிறது. அது நடப்படும் இடத்துக்கு நல்லது. ஆனால் நாற்று நட்டே ஒரு வளைகுடாவை நிரப்பிவிடலாம் என்று யாராவது சொன்னால் நன்கொடை கேட்கப் போகிறார்கள் என்று அர்த்தம்.

3 ஜூன்

நடாமலே பவளம் எப்படிப் பரவும் என்றால்: இந்தப் பக்கம் அக்ரோபோரா வகைகள் மார்ச் மாதப் பௌர்ணமியை ஒட்டி, இரவில், ஒரே சமயத்தில் முட்டையும் விந்தும் அடங்கிய சின்னச் சின்ன உருண்டைகளை விடுகின்றன. மேலே மிதந்து, கலந்து, லார்வாவாகிச் சில நாள் அலைந்து, கெட்டியான இடம் கிடைத்தால் உட்காரும். மணலில் உட்கார முடியாது. பழைய பாரின் எலும்புகூட இதற்குத் தேவை. செத்த சல்லிதானே, எடுத்தால் என்ன என்பவர்களுக்கு இது.

27 ஜூலை

இழை தூங்கிக் கிடந்தது. இன்று எழுப்பியவர் குடும்பத்தோடு போய்ப் பார்க்க வழி கேட்கிறார்.

தீவுகளில் நினைத்தபடி இறங்க முடியாது, அவை தேசியப் பூங்கா. வனத்துறையின் சூழல் சுற்றுலா வழியாகப் போங்கள். ஏர்வாடிக்குப் பக்கத்தில் பிச்சைமூப்பன் வலசையில் கண்ணாடி அடி வைத்த படகு உண்டு. குருசடைக்குக் குந்துகாலிலிருந்து படகு. வடகடலைப் பார்க்கப் பிரப்பன்வலசை. கிளம்பும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள், காற்றைப் பொறுத்து நிறுத்திவிடுவார்கள்.

இப்போது போகாதீர்கள். கச்சான் அடிக்கும் மாதங்களில் தென்கடல் கலங்கிக் கிடக்கும், கண்ணாடிக்குக் கீழே மோர்தான் தெரியும். வாடைக் காலத்தில் வடகடல் கொந்தளிக்கும், தென்கடல் அடங்கும். ஜனவரி, பிப்ரவரியில் காலை வத்தம் எப்போது என்று கேட்டு அந்த நேரத்துக்குப் போங்கள். தண்ணீரில் இறங்கவிட்டால் பவளத்தின்மேல் நிற்காதீர்கள். குழந்தைகளிடம் இதை முன்கூட்டியே சொல்லுங்கள், பெரியவர்களிடம் இரண்டு முறை சொல்லுங்கள். கரையில் எவராவது காய்ந்த பவளக்கொம்பு விற்றால் வாங்க வேண்டாம், வழியில் பிடித்தால் முதல் அட்டவணை வழக்கு.

கீழக்கரையில் மதியச் சாப்பாட்டுக்கு எந்தக் கடை என்பதை வேறு யாராவது எழுதுங்கள். எனக்குத் தெரிந்த கடையை மூடிவிட்டார்கள்.